நீ கேட்ட ஒன்பது கட்டுகள்

அத்திக்குடி
18.2.1985

அன்பு மகள் நீலாம்பாளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மெட்ராஸில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் இதை எழுதுகிறேன். நீ பொங்கலுக்கு முன்னால் போட்ட கடிதமும் அதோடு வைத்திருந்த பாடத்திட்டமும் கிடைத்தன. இத்தனை நாளாக ஏன் பதில் இல்லை என்று நீ கலங்கியிருப்பாய். பதில் எழுத முடியாதபடி சில காரியங்கள் நடந்துவிட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

பாடம் முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால் எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை, வீட்டில் தகரப் பெட்டியில் இருக்கிற குறிப்புகளையும் பேப்பரில் வெட்டி வைத்ததையும் இந்த ஒன்பது தலைப்பில் பிரித்துக் கட்டி அனுப்பும்மா என்று எழுதியிருந்தாய். வயது வரம்பு முடிகிறதால் குரூப் ஒன் எழுத உனக்கு இதுதான் கடைசித் தடவை என்பதும் எனக்குத் தெரியும். பத்தாவதில் கோட்டை விட்டவளிடம் இந்த வேலையைக் கொடுத்தாயே என்று முதலில் பயமாக இருந்தது. ஆனாலும் சத்துணவு மையத்து வேலை முடிந்து வந்ததும் தினமும் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். ஒன்பது துண்டுச் சீட்டில் தலைப்பை எழுதித் தரையில் வரிசையாக வைத்து, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளரைக் கவிழ்த்தேன். சரித்திரம் சுலபமாகப் பிரிந்துவிட்டது. காவிரித் தண்ணீர்த் தகராறு பூகோளமா அரசியலா என்று தெரியாமல் இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் உன் ஹைஸ்கூல் வாத்தியார் சிங்காரவேலு சாரிடம் போய்க் கேட்டேன். அவர் பழைய கேள்வித்தாள் நாலைந்து எடுத்துக் கொடுத்து, “எதுல அதிகமா கேட்டிருக்கான்னு பாரும்மா, அதை மேல வை. ஒரு தடவைகூட கேக்காததை அடியில போடு. நீலாவுக்கு ஏற்கனவே தெரிஞ்சதைப் பிரிச்சுத் தனியா வை, இல்லேன்னா தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் படிச்சுட்டு நாளை ஓட்டிடும்” என்று சொன்னார். அப்படியே செய்தேன். பதினோரு நாளில் ஒன்பது கட்டும் முடிந்தன. சணலால் கட்டி, மேலே தலைப்புச் சீட்டைத் தைத்து அடுக்கிவைத்துவிட்டு நானும் அப்பாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதற்கு மறுநாள் நம் சம்பா அறுப்பு. அப்பா ஆள் விட்டு அறுக்கத் தொடங்கியபோது பண்ணையின் காரியக்காரர் துரைராசு வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் நின்று, இது பண்ணையின் சொந்தச் சாகுபடி, வைரக்கண்ணுக்கு இங்கே பாத்தியதை கிடையாது என்று அப்பாவைப் பேர் சொல்லியே பேசியிருக்கிறார். பதினேழு வருஷமாக அந்த மூன்று ஏக்கரில் அப்பா குத்தகை உழுதது ஊருக்கே தெரியும். ஆனால் குத்தகைப் பதிவு நடந்த வருஷம் பெரிய பண்ணையார், நமக்குள்ள எதுக்குடா காயிதம் என்று கேட்டதும் இவர் பதியாமல் வந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு இப்போது அனுபவிக்கிறோம். அறுத்த நெற்கட்டை விடமாட்டேன் என்று அப்பா பிடித்துக்கொண்டார், தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. நெல்லைத் திருடினான், ஆளை அடித்தான் என்று புகார் கொடுத்ததில் மத்தியானமே போலீஸ்காரர்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மையத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். சேதி கேட்டு ஓடி வருவதற்குள் வீட்டையும் சோதனை போட்டு முடித்திருந்தார்கள். நான் தைத்த தலைப்புகளில் நிலச் சீர்திருத்தம், தொழிலாளர் இயக்கம் என்று இருந்தது அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. விவசாயச் சங்கத்துக் காகிதம் என்று ஒன்பது கட்டையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். தரையில் டம்ளர்கள் மட்டும் உருண்டு கிடந்தன.

நாலு நாள் ஸ்டேஷன் வாசலில் நின்றேன். என் மகள் பரீட்சைக்குப் படிக்கிற காகிதம் ஐயா என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பாடத்திட்டத்தைக்கூட எடுத்துப் போய்க் காட்டினேன். அங்கே புகார் எழுதுகிற போலீஸ்காரர் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “பரீட்சைக்குப் படிக்கிறவங்க ஸ்ட்ரைக்கையும் மறியலையும் எதுக்கும்மா வெட்டி வைக்கிறாங்க” என்று கேட்டார். சிங்காரவேலு சாரும் வந்து பேசிப் பார்த்தார், அவரையும் உட்காரச் சொல்லவில்லை. அப்பாவை மூன்றாம் நாள் ஜாமீனில் விட்டார்கள். வந்தவர் உன் காகிதம் வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார்.

பிறகு துரைராசு வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாகத்தான் பேசினார். “உங்க பொண்ணு பெரிய உத்தியோகத்துக்குப் படிக்குதாமே, நல்லது. தேறிட்டா பொண்ணைப் பத்தி விசாரிக்க இந்த ஸ்டேஷனுக்குத்தான் வருவாங்க. அப்பன் மேல கேஸ் இருக்குன்னு எழுதுனா நல்லாவா இருக்கும்? நிலத்தை விட்டுட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, புகாரை வாபஸ் வாங்கிடுறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கத்துக்காரர்கள் வழக்கை நடத்துவோம், போடாதீங்க என்று மன்றாடினார்கள். எத்தனை வருஷம் ஆகும் என்று அப்பா கேட்டதற்கு அவர்களாலும் சொல்ல முடியவில்லை. நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போடுங்கள் என்றும் சொல்லவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லையடி. போன வெள்ளிக்கிழமை அப்பா போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். அன்றைக்குச் சாயங்காலமே கட்டுகள் வீடு வந்து சேர்ந்தன.

எல்லாவற்றையும் பிரித்துக் கலந்து ஒரே சாக்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மறுபடி உட்கார்ந்தேன், முன்பு ஓடிய வேகத்தில் கை ஓடவில்லை. அப்பா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு தாளாக நீவிக் கொடுத்தார். சட்டம் பற்றி நீ கையால் எழுதிய தாள் ஒன்று வந்தது, இதுல என்ன இருக்கு என்று கேட்டார். குத்தகை உழுகிறவனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது, பதிவில் பெயர் விட்டுப்போயிருந்தாலும் மனுக் கொடுத்துச் சேர்க்கலாம் என்று நீ எழுதியிருந்ததை வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். “இதெல்லாம் நம்ம பெட்டியிலயேவா இருந்துச்சு” என்று கேட்டுவிட்டு, அந்தத் தாளையும் நீவி என் கையில் கொடுத்தார். நான் எந்தக் கட்டில் வைத்தேன் என்று ஞாபகமில்லை.

ஐந்து கட்டுதான் முடிந்திருக்கிறது. மீதி நாலு தலைப்பும் கலந்தபடியே சாக்கில் இருக்கின்றன. நமக்குப் பழக்கமான முத்துப்பேட்டை மீரா உசேன் நாளைக்கு மெட்ராஸ் போகிறார், இதை விட்டால் வேறு ஆள் இல்லை, அதனால் அப்படியே கொடுத்து அனுப்புகிறேன். கோபப்படாதே. முடிந்த ஐந்தை முதலில் படி. சாக்கை ஒரேயடியாகக் கொட்டிப் பார்க்காதே, பயந்துவிடுவாய், தினம் ஒரு கைப்பிடி எடுத்துப் பிரி. நிலத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் என்ன எழுதுவாய் என்று சாரிடம் கேட்டேன். சட்டத்தில் இருப்பதை எழுதினால்தான் மார்க் என்று சார் சொல்கிறார், நீ சார் சொன்னபடியே எழுது. கிளம்பி வந்துவிடாதே, வந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. தலைக்கு எண்ணெய் வை, ஹாஸ்டலில் காலைச் சாப்பாட்டை விடாதே.

நம் குலதெய்வம் உனக்கு முன்னும் பின்னும் நிற்கட்டும். எழுதுகிற கை தடங்கல் இல்லாமல் ஓடட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பரீட்சை முடியும் வரை நிலம் போனது உனக்குத் தெரியக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், என்னால் மூடி வைக்க முடியவில்லை, அதனால்தான் அவருக்குத் தெரியாமல் எழுதினேன். உன் கடிதம் வந்தால் என்னை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவையாவது கேட்பார். ஆகையால் வழக்கம்போல, வயல் எப்படி இருக்கிறது, உளுந்து தெளித்தாயிற்றா என்று விசாரித்து எழுது. நன்றாக முளைத்திருக்கிறது என்று பதில் எழுதச் சொல்வார். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

உன் அம்மா
வை. ரெங்கம்மாள்