எரானாவின் தலையில் வெண்ணெய் வைக்காதே

ஒஹகுனே,
ஜூன் 22.

அன்பு மகள் கஹுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பிரிஹிரா அத்தையும் கை கால் வெடித்தாலும் மூச்சுக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை கேலமும் குட்டி எரானாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்தது முதல் என் நினைப்பு. இந்த ஜூன் குளிருக்குப் பனி சீக்கிரமே இறங்கிவிட்டது, மலை முழுக்க வெள்ளை, குழாயில் காலையில் தண்ணீர் வருவதில்லை. அப்பா கேரட் கழுவும் கொட்டகைக்குப் போய் வந்தால் கை இரண்டும் காய்ந்த சேறு மாதிரி பிளந்து கிடக்கிறது, கையுறை போடுங்கள் என்றால் கேரட்டுக்கே குளிரவில்லை எனக்கென்ன என்கிறார். அத்தை விடவில்லை, வேலை முடிந்து வந்ததும் கையை ஈரத்தோடு பிடித்து உட்கார வைத்துக் கவாகவா இலைக் களிம்பைத் தேய்த்துவிடுகிறாள். ஈரம் காயும் முன்னால் தடவினால்தான் பிடிக்கும், காய்ந்த பிறகு தடவுவது வீண் என்று அவள் சொல்வது உனக்கும் ஞாபகம் இருக்கும். எரானாவுக்கும் அப்படித்தான் செய். கொதிக்கிற தண்ணீரில் குளிப்பாட்டாதே, வெதுவெதுப்பு போதும், ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், தினமும் சோப்பும் வேண்டாம். துணியால் ஒற்றி எடு, தேய்க்காதே. கம்பளித் தொப்பிக்கு உள்ளே பருத்தித் துணி வை. ஹீட்டரை நாள் முழுக்க ஓடவிட்டால் அறைக் காற்று சருகாகிவிடும், ராத்திரி கொஞ்சம் குறைத்துவை. உன் முடியையும் தினம் அலசாதே, வாரம் இரண்டு தடவை போதும்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், சொல்லவும் சொன்னேன். ஆனால் போன ஞாயிறு நீ இன்னொன்று சொன்னாய். குழந்தையின் உச்சந்தலை தோல் உரிந்து சொறிந்து ரத்தம் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று மூன்று வாரமாக வாணலியில் வெண்ணெயை உருக்கி அதே கரண்டியால் எடுத்துத் தலையில் வைக்கிறேன் என்றாய். நிறுத்தடி என்று கத்தினேன். நீ சிரித்தாய். ஏம்மா, தலையில வெண்ணெய் வச்சா வானமா இடிஞ்சு விழும், நீ இன்னும் அந்தக் காலத்துலயே இருக்க என்றாய். தொப்பியைச் சாப்பாட்டு மேசையில் வைத்ததற்காக என்னிடம் அடி வாங்கி வளர்ந்தவள் நீ, தலை நமக்குப் புனிதம், தலைக்கு உள்ளது தலைக்கு, வாய்க்கு உள்ளது வாய்க்கு, இரண்டையும் ஒரு பாத்திரத்தில் சேர்க்கக் கூடாது என்று தெரியாதவள் இல்லை. இங்கே வரும் குழந்தை நல நர்ஸைக் கேட்டேன், அவள் நம் வழக்கத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, வெடித்த தோலில் சாப்பாட்டுப் பொருள் படவே கூடாது, பின்னால் அதைச் சாப்பிடும்போது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், வாசனையில்லாத களிம்பு போதும், ரத்தம் வந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்க என்றாள். என் பேச்சைக் கேட்க வேண்டாம், அவள் பேச்சையாவது கேள். நான் கத்தியதற்குக் காரணம் வேறு. அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கல்யாணமாகிப் போகும்போது உன் அறை மேசை இழுப்பறையில் மரப் பிரஷ் ஒன்றை விட்டுப் போனாய். அன்றே அதைத் துடைத்து வைத்தேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை எதையோ தேடி இழுப்பறையைத் திறந்தால் அதில் முடி இருந்தது. நாலைந்து இழை, பிசுபிசுவென்று. அத்தைதான் எடுத்து வாரியிருப்பாள் என்று கேட்டேன். என் தலையில இருக்கறதே எண்ணி நாற்பது முடி, அதையும் உன் மக பிரஷ்ல விட்டுட்டு வருவேனா என்றாள். அப்பா தலை உனக்குத் தெரியும், அதில் வாருவதற்கு ஒன்றுமில்லை. எடுத்துக்கொண்டு போய் நம் வழக்கப்படி மரத்தடியில் புதைத்துவிட்டுக் கை கழுவினேன். மறுநாள் காலையில் மறுபடி இருந்தது. அதற்கு மறுநாளும். இழுப்பறையைப் பூட்டிச் சாவியை என் மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், அப்போதும் இருந்தது. முகர்ந்து பார்த்தேன் கஹு, உருக்கின கொழுப்பு வாசனை. நீ ஞாயிறன்று மூன்று வாரம் என்று சொன்னதும் நாளை எண்ணிப் பார்த்தேன், முடி வரத் தொடங்கியதும் அப்போதுதான். எரானாவின் முடிதான் கடல் தாண்டி இங்கே வருகிறது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டுதான் உன்னிடம் போட்டோ கேட்டேன். நீ அனுப்பினாய். அவள் முடி கரிக்கட்டை மாதிரி கறுப்பு. பிரஷில் வருவது செம்பட்டை.

யார் முடி என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும், தெரியாத மாதிரி அத்தையிடம் போய்க் கேட்டேன். உனக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்தான், செம்பட்டைத் தலை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே வீட்டில் இருந்தோம், அப்பா வேலைக்குப் போனால் மூன்று நாள் வரமாட்டார். இதே மாதிரி ஒரு குளிர்காலம், இரண்டு மாதக் குழந்தை, தலை முழுக்கக் காய்ந்து செதில் செதிலாக உரிந்தது, அழுது அழுது ஓய்ந்தான். கடை கிடையாது. ஆட்டுக்கறி வறுத்த வாணலியில் கொழுப்பு மிச்சம் இருந்தது, சாப்பிட்ட கரண்டியால் வழித்துத் தடவினேன். தப்பு என்று தெரிந்துதான் தடவினேன், பார்க்க ஆளில்லை என்ற தைரியம். பிரிஹிரா அத்தை உள்ளே வந்தாள், பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் வைத்து அவன் தலையைக் கழுவினாள். அதிலிருந்து பதினோராம் நாள் போய்விட்டான். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, இந்தக் குளிரில் எத்தனையோ குழந்தைகளுக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதுதான் உண்மையாக இருக்கும், கொழுப்பு தடவி யாரும் சாவதில்லை. ஆனால் முப்பத்து நாலு வருஷமாக அந்தக் கரண்டி என் கையை விட்டுப் போகவில்லை. அத்தை இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அப்பா முன்னால் அவன் பெயரைச் சொல்ல முடியாது, எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் உனக்கு ஒரு அண்ணன் இருந்தது உனக்கே தெரியாமல் போயிற்று. அவன் பெயர் ரேவி.

நேற்று மத்தியானம் உன் அறையில் உட்கார்ந்து பிரஷை மடியில் வைத்துக்கொண்டு, ரேவி, அம்மாதாண்டா என்று கூப்பிட்டேன். பயமாகவும் இருந்தது, விட்டுப் போகவும் மனசில்லை. இன்று காலை பிரஷில் முடி இருந்தது, ஆனால் பிசுக்கு இல்லை, கொழுப்பு வாசனை இல்லை. யாரோ வெந்நீரில் அலசிவிட்ட மாதிரி இன்னும் ஈரமாக இருந்தது. அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்னைக்கு நான் ஏதாவது பேசியிருக்கணும் வைமாரியே, நீ சின்னப் பொண்ணு என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

அவன் உன் பிள்ளைக்குக் கெடுதல் செய்ய வந்தவன் இல்லை என்றுதான் நினைக்கிறேன், தன் தலையில் பட்டது அவள் தலையிலும் படுகிறதே என்று சொல்லத்தான் வந்திருக்கிறான். ஆனாலும் எனக்கு நிச்சயமில்லை. கடிதம் கைக்கு வந்த அன்றே எரானாவின் தலையை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிடு, டாக்டரிடம் கொண்டுபோ, அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதே. மாதாரிகி நட்சத்திரங்கள் எழும் புத்தாண்டு விடியலில் இறந்துபோனவர்கள் பெயரைக் கூப்பிடும்போது இந்த முறை நான் அவன் பெயரையும் கூப்பிடப் போகிறேன், அப்பா எழுந்து போனாலும் போகட்டும். நீயும் அங்கே வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிடு, உன் குரலை அவன் கேட்டதே இல்லை. உங்கள் மூன்று பேருக்கும் நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும், குழந்தை தலை ஆறி நன்றாகத் தூங்கட்டும். அலசியதும் எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
ரேவிக்கும் உனக்கும் அம்மா,
வைமாரியே