கடல் பக்கம் பார்த்த ஜன்னல்

இன்று காலையும் அம்மாவின் அறைக்குள் கருவாட்டுப் பொரியல் வாசனை வந்தது. உடனே உன்னை நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் செத்தால் அவர்களை நினைக்க ஒரு பூவோ ஊதுபத்தியோ இருக்கும். உனக்கு, அடுத்த கட்டடத்துக் குசினியின் புகைவிசிறி. அம்மாவின் ஜன்னலுக்கு நேரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் அது சுற்றுகிறது. இரண்டு கட்டடங்களையும் கட்டியவன் நீதான்.

உன் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தேன். மலர்ச்சாலையில் ஒருவர், எழுதிக் கொடுத்த எதையும் மீறாத மனிதன் என்று உன்னைப் பற்றித் தழுதழுக்கப் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெண் நான் அழுவதாக நினைத்துத் தோளைத் தடவினாள். ஆனாலும் அவர் சொன்னது உண்மை. நீ எதையும் மீறவில்லை.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்கள் பழைய வீடு. பள்ளிக்கூட நாட்களில் ரியூஷன் முடிந்தால் நீ உன் வீட்டுக்குப் போகமாட்டாய், எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாய். அப்பா போன பிறகு பெரிய கட்டடக்காரனாக வந்து நின்றாய். காணியைத் தாருங்கள், தொடர்மாடி கட்டுகிறேன், நாலாம் மாடி வீடு உங்களுக்கு என்றாய். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். முழங்கால் போய்விட்டது, கடற்கரைக்கு இனி நடக்க முடியாது, படுத்தபடி கடலைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஒப்பந்தத்தில் "கடல் பக்கம் பார்த்த ஜன்னல்" என்று எழுதினாய். கையெழுத்து வைக்கிற அன்று, பத்திரம் எழுதி முடிக்க வந்த நொத்தாரிசு ஐயாவும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். கடல் பக்கத்துக் காணியில் நாளைக்கு ஒரு கட்டடம் வந்தால் என்ன செய்வது, அதற்கும் ஒரு வரி சேர்ப்போமா என்று அவர் கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ர கையால சாப்பிட்ட பிள்ளை. அவனிட்ட இதெல்லாம் எழுதி வாங்குறதோ?"

எங்கள் ஆட்களின் பைத்தியம் இது. சோறு போட்ட பிள்ளையிடம் கடதாசி கேட்பது மரியாதைக் கேடு என்று நினைப்போம். நீ தலையைக் குனிந்து சிரித்தாய். அந்தக் கடல் பக்கத்துக் காணியை நீ அதற்கு முன்பே உன் மச்சானின் பெயரில் வாங்கி முடித்திருந்தாய் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நீ வாய் திறந்தது, அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சொதி கேட்கத்தான்.

நாங்கள் குடிபுகுந்த அடுத்த வருடமே அங்கே தூண்கள் எழும்பின. அம்மாவின் கடல் கீழிருந்து மேலாகக் குறைந்து, ஒருநாள் முழுவதும் மறைந்தது. கூப்பிட்டோம், வந்தாய், ஜன்னலைத் திறந்து பார்த்தாய்.

"அன்ரி, ஜன்னல் கடல் பக்கம்தானே பார்க்குது. நான் எழுதினதில என்ன பிழை?"

பிழையே இல்லையடா. அம்மா அந்த வரியை எதற்காகக் கேட்டார் என்று உனக்குத் தெரியும். அதைக் கெடுக்காமல் இருப்பதும் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்ததுதான் என்றும் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் மடையன் என்று விட்டிருப்பேன். களவெடுக்கக்கூடத் தைரியமில்லாமல், நொத்தாரிசு முன்னால் முத்திரை குத்தி எடுத்தவன் நீ.

போன மாதம் அம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரியில் சம்மதப் பத்திரத்தை நான்தான் நீட்டினேன். முழுக்க வாசி என்றார். வாசித்தேன். பிறகு என்னைத் தாண்டிக் கட்டிலருகே நின்ற தாதியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இவள் வாசிச்சது சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

தாதி சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள். பத்திரத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, ஓம் அம்மா, சரி என்றாள். அதற்குப் பிறகுதான் அம்மா பேனையை எடுத்தார். பெற்ற மகள் நான், அவர் கையெழுத்து வைத்து முடியும்வரை பக்கத்தில் நின்றேன்.