கையைத் தூக்கியவனுக்கு ஒரு வினைச்சொல்

பட்டாளம்,

இன்று காலை ராமநாதபுரம் சந்தையில் ஒரு வியாபாரி மிளகாய் மூட்டையைப் பிரித்தான். நெடி குப்பென்று ஏறியது. சுற்றி நின்றவர்கள் துண்டாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. பக்கத்தில் எங்கேயோ நீ தும்மப்போகிறாய் என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டேன். மிளகாய் விளைகிற மண்ணில் பிறந்து, மிளகாய் நெடி ஆகாமல் தும்மியே காலம் தள்ளியவன் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்குப் பட்டாளம் என்று நான் பெயர் வைத்தது பாம்பன் ரயில் நிலையத்தில். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கத்தோலிக்கக் குருமடத்தில் இலத்தீன் படித்து, குருப்பட்டம் வாங்கும் முன்பே வெளியே வந்து, உள்ளூர்ப் பள்ளியில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு பதிப்பாளர் பழைய ரோமப் போர் வரலாறு ஒன்றைத் தமிழில் கேட்டிருந்தார். மூலம் இலத்தீன். துணைக்கு ஒரு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு என்னிடம் இருந்தது. ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்று பார்சலில் வந்தது. நீ பார்சல் குமாஸ்தா. உறை கிழிந்த இடத்தில் தெரிந்த வரியை நீ சத்தமாக வாசித்தாய். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள் வாயில் ஜெர்மன் கேட்டதும் நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

"பட்டாளத்துல இருந்தேன். பாலைவனத்துல எங்களப் பிடிச்சு, அங்கிட்டு ஜெர்மனிக்குக் கொண்டு போயிட்டாக. ஒரு பண்ணையில உருளைக்கிழங்கு தோண்டச் சொன்னாக. அங்கன ஒரு பொம்பள என்னயத் திட்டித் திட்டியே பாஷையப் புகட்டிவிட்டா" என்றாய். நான் எங்கே இலத்தீன் படித்தேன் என்று சொன்னதும், "அப்ப நீங்க சாமி" என்று முடித்துவிட்டாய். ஒரு வாரத்தில் 'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. 'சாமி' மட்டும் கடைசிவரை போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை இப்போது நினைத்தால் தூக்கத்தில் நடந்தது மாதிரி இருக்கிறது. பூசை முடிந்து நான் வருவேன். உடைமர நிழலில் நீ பாய் விரித்து மூன்று புத்தகங்களையும் கல் வைத்துப் பிரித்து வைத்திருப்பாய். காற்று விழுந்துவிட்ட நேரத்தில் கடல் சத்தமே இல்லாமல் கிடக்கும். கருவாட்டு வாசமும் இலத்தீனும் ஒன்றாகக் கலந்து கண்ணைச் செருகும். அரைத்தூக்கத்தில் பார்த்தால், ரோமச் சேனை கேடயத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பாம்பன் மணலில் வரிசையாக நடந்து போகும். நீயும் அதைப் பார்த்திருக்கிறாய் என்று ஒருநாள் சொன்னாய். உன் கண்ணில் பட்டவர்களுக்கு முகம் இருந்தது, நான் பார்த்தவர்களுக்கு இல்லை.

நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வினைச்சொல்லையும் 'நான்' போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் எழுதுவதில்லை. வென்றேன், துரத்தினேன், கோட்டையைப் பிடித்தேன் என்று நாம் கத்தியதைக் கேட்டு, வலை காயப்போட வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். தோற்பவர்கள் வந்த பக்கத்தில்தான் வேகம் குறைந்தது. முதுகைத் திருப்பினான் என்று இலத்தீன் சொன்ன இடத்தில் தமிழில் நம் 'புறமுதுகு' அப்படியே வந்து உட்கார்ந்தது. அடுத்த வரியில் 'ஸே ரெச்சேப்பித்'. இங்கிலீஷ்காரன் ஒழுங்காகப் பின்வாங்கினான் என்று மடிப்புக் கலையாமல் எழுதியிருந்தான். ஜெர்மன்காரன் தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான் என்றான். இலத்தீனில் உள்ளபடி என்ன என்று நீ விடாமல் கேட்டாய். "தன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டான்" என்றேன்.

நீ என் பக்கம் திரும்பினாய். "நீ குருமடத்துல இருந்து அப்படித்தான வந்த சாமி. ஒன்னய எடுத்துக்கிட்டு வந்துட்ட."

ஓடிவந்தவன் என்று ஊர் என்னைச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நீ அதற்கு வேறு வார்த்தை வைத்தாய். நன்றி சொல்லத் தெரியாமல் அடுத்த வரிக்குப் போனேன்.

அடுத்த வரியில்தான் நீ மாட்டிக்கொண்டாய். தண்ணீர் தீர்ந்துபோன ஒரு படை ஆயுதத்தைக் கீழே வைக்கிறது. இலத்தீனும் ஜெர்மனும் தங்களைக் கொடுத்தார்கள் என்று சொல்கின்றன. நான் சரணடைந்தேன் என்றேன். கோவிலில் சொல்கிற வார்த்தை, கேவலம் இல்லை என்று விளக்கமும் கொடுத்தேன். உன் முறை வந்தது. நீ சொல்லவில்லை. பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போனாய். அடுத்த வாரமும் அதே இடத்தில் நின்றோம்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாய். நீ பிடிபட்ட தகவல் ஊருக்கு வந்தபோது உன் அய்யா ஒரு கதை கட்டியிருந்தார். குண்டு தீரும்வரை போராடினாய், மயங்கி விழுந்த பிறகுதான் எதிரி உன்னைத் தொட முடிந்தது என்று. நடந்தது வேறு. தண்ணீர் தீர்ந்தது, மேலதிகாரி உத்தரவு போட்டார், எல்லோரும் கையைத் தூக்கினீர்கள். அன்றைக்கு நீ ஒரு தோட்டாகூடச் செலவழிக்கவில்லை. போர் முடிந்து நீ வீடு போனபோது, அந்தக் கதை உனக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. யார் வந்தாலும் அய்யா உன்னைப் பக்கத்தில் இருத்தி அதைச் சொல்வார். நீ பொங்கலுக்குப் போவாய், சாயங்கால பஸ்ஸில் பாம்பனுக்குத் தப்பி வருவாய்.

"எங்க வீட்டுல ஒருநா நிம்மதியாத் தூங்கணும் சாமி. அம்புட்டுத்தான் வேணும். சொன்னா அய்யா என் மொகத்துல முழிப்பாரோ மாட்டாரோ."

உள்ளதைச் சொல்லிவிடுவது என்று ஒருநாள் ஊருக்குக் கிளம்பினாய், நானும் கூட வந்தேன். களத்தில் மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. நீ தும்மிக்கொண்டே நுழைந்தாய். பக்கத்து வீட்டுக்காரர் இருவர் வந்து உட்கார்ந்ததும் அய்யா என் பக்கம் திரும்பினார். "தம்பி, எம்மகன் என்ன செஞ்சான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"அய்யா," என்றாய் நீ. "நான் சண்டை போடல."

"என்னலே?"

"தண்ணி தீந்துபோச்சு. கையத் தூக்கிட்டேன். எல்லாரும்தான் தூக்குனோம்."

வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்து கிளம்பினார்கள். அய்யாவின் முகம் கறுத்துவிட்டது. "இத்தன வருசமா என்னயப் பேச விட்டு வேடிக்கை பாத்துருக்க" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு போய்விட்டார். சோற்றுக்கும் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, போய்விடலாம் என்றேன்.

"நீ வேணும்னா போ சாமி. நான் இன்னைக்கு பஸ் ஏற மாட்டேன்."

பொழுது சாயும்போது அய்யா வந்தார். ஆடுகளைக் கட்டினார். உன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"துப்பாக்கிய எங்கன வச்ச?"

"மணல்ல, அய்யா."

"என்ன நேரம்?"

"உச்சி வெயிலு."

"பொறவு?"

"உக்காரச் சொன்னாக. மணல்லயே உக்காந்தோம். சாயங்காலம் வரைக்கும்."

அவர் தன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தார். அந்த வெயிலைத் தெரியாதவரா அவர்.

"மணலு கொதிச்சிருக்குமேலே" என்றார்.

"கொதிச்சுச்சு அய்யா" என்று சொல்லிவிட்டு நீ குலுங்கி அழுதாய். அவர் உன்னைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. நீ முடிக்கும்வரை எழுந்திருக்காமல் இருந்தார். அப்புறம் உள்ளே பார்த்து, ரெண்டு பேருக்கும் சோறு போடச் சொன்னார். அன்று நீ உன் வீட்டில் தூங்கினாய்.

அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டாய். நிலத்தைப் பார்த்தாய், கல்யாணம் கட்டினாய், வருஷா வருஷம் எனக்கு மிளகாய் அனுப்பினாய். பதிப்பாளர் கடையை மூடிவிட்டதால் புத்தகம் வெளிவரவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, உன்மேல் கோபமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளை நான் அதற்குப் பிறகு வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்றைக்கு அந்த அத்தியாயத்தை எடுத்து வாசித்தேன். அந்தப் படை ஆயுதத்தைக் கீழே வைத்ததை மூன்று மொழிக்காரர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சரணடைந்தார்கள் என்று நாம் எழுதிய தமிழும் மோசமில்லை. என்ன செய்தார்கள் என்று எல்லோரும் எழுதிவிட்டோம். உட்கார்ந்த இடத்தில் மணல் கொதித்ததா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. உன் அய்யா கேட்டார். தோற்றுவிட்டேன் என்று யாராவது என் எதிரில் வந்து உட்காரும்போது, எனக்கும் இப்போது அதைத்தான் கேட்க வருகிறது.