சுவர் கட்ட ஆளில்லை

ஒக்டோபர் 6, திங்கள்
காலையிலிருந்து தூறல். அம்பிட்டிய வீட்டுக்குப் பின்னால் மண்மேடு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பெருமழைக்கு முன் அங்கே சுவர் எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் குசினி அடுப்போடு மண்ணுக்குள். கல், மணல், சீமெந்து எல்லாம் வந்தாயிற்று. மேசன்தான் இல்லை.

ஊர் மேசன் சிறிபால பாஸ் ருமேனியாவில். அவர் மச்சான் துபாயில். மஹய்யாவ ராஜா ஜப்பான் மொழி வகுப்புக்குப் போகிறாராம், இனிச் சாந்துக் கரண்டியைத் தொடமாட்டாராம்.

என் வீட்டுக்காரரும் மேசன்தான். கட்டாரில். அங்கே ஊரான் சுவரெல்லாம் நேராக நிற்கிறது.

ஒக்டோபர் 8, புதன்
ஹாட்வெயார் கடை முதலாளியிடம் கேட்டேன். வாவிப் பக்கத்து ஹோட்டலில் இந்தியாக்காரர்கள் டைல்ஸ் பதிக்கிறார்களாம். வெளி வேலைக்கு அவர்களுக்கு அனுமதி இல்லையாம்.

"நம்மட ஆக்கள் அங்க, அவங்கட ஆக்கள் இங்க. ஒங்களுக்கு மட்டும் ஆளில்ல, தங்கச்சி."

சிரிப்பு வேறு. எரிச்சல்.

கடைக்கு: பருப்பு, தேங்காய், போனுக்கு ரீலோட்.

ஒக்டோபர் 13, திங்கள்
ஆள் கிடைத்துவிட்டான். சிவகுமார். கலகெதரவில் ஒரு வேலை முடித்து வந்திருக்கிறான். சின்ன வயது, நல்ல கை. நூல் பிடித்த மாதிரி வரிசை.

பின்னேரம் கட்டாரில் இருக்கிற இவருக்கு வீடியோவில் சுவரைக் காட்டினேன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. மூலையைக் காட்டு, பையனிடம் போனைக் கொடு. இருவருக்கும் நெடுநேரப் பேச்சு. எனக்குப் பெருமை வேறு. மடச்சி.

ஒக்டோபர் 22, புதன்
தீபாவளிக்குப் போன சிவகுமார் வரவில்லை. போன் ஓஃப். சுவர் இடுப்பளவில்.

ஒக்டோபர் 24, வெள்ளி
வந்தான். வெளிநாடு போக, கொழும்புக்கு மெடிக்கல் செய்யப் போனானாம்.

"கட்டார்ல அண்ணன் அவுங்க கம்பெனியில சொல்லி விசா எடுத்துக் குடுக்குறாங்க அக்கா. ஒங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. உடனே கட்டாருக்கு அழைத்தேன். அங்கே ஆள் தட்டுப்பாடாம், போர்மேன் இவரைத்தான் ஆள் பார்க்கச் சொன்னாராம், இப்படிக் கை லேசில் கிடைக்காதாம். அப்போ நம்ம சுவரை யார் கட்டுவது என்றேன். அட, அத யோசிக்கலையே என்றார். மனுஷனுக்கு அதுவரை உறைக்கவே இல்லை! கோபத்தில் அழுகை வந்துவிட்டது. பையன் மீது கோபப்பட முடியவில்லை. இவரும் அப்படித்தானே போனார்.

நவம்பர் 17, திங்கள்
விடாத மழை. மண் குசினிக் கதவு வரை வந்துவிட்டது.

சிவகுமார் பயணம் சொல்ல வந்தான். "அண்ணனுக்குக் குடுத்துவிட ஏதாவது இருக்கா அக்கா?"

மிச்சச் சுவர் இருக்கிறது, கொண்டு போ என்றேன்.

வெங்காயம் வதக்கிச் சீனிச் சம்பல் செய்து கட்டினேன். இவருக்கு ஒரு போத்தல், அவனுக்கு ஒரு போத்தல். அவன் போனதும் மண்வெட்டியை எடுத்தேன்.