இந்த முறை நீ வீட்டுக்கு வரவேண்டாம்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகன் ராகுலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நாங்கள் இங்கே இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை. நீ அந்தக் கட்டார் வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன், அதை மட்டும் நம்பு. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போன் என்றால் நீ கத்துவாய், இல்லாவிட்டால் அம்மா என்று இளகிக் கூப்பிடுவாய், இரண்டில் எது செய்தாலும் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும். கீழ்வீட்டு ருக்கியாவின் மகன் ரிப்கான் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஒட்டித்தான் கொடுக்கிறேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது, உன் கோபத்தை அவனிடம் காட்டாதே.

எங்கள் லிஃப்ட் மறுபடியும் பழுது. அப்பா நாலு மாடியும் ஏற முடியாமல் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார், தண்ணீர்ப் போத்தலோடு நான் இறங்கிப் போகவேண்டும். தேங்காய் விற்கிற விலைக்குச் சம்பலை மறந்தாயிற்று. உன் மகள் ஜனனி நேசரிக்குப் போகிறாள், பாட்டெல்லாம் பாடுகிறாள், ஆனால் வாசல் மணி அடித்தால் போதும், ஓடிப்போய்த் தாயின் போனை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்துவிடுகிறாள். போனவாரம் தண்ணீர்ப் பில் கொண்டுவந்தவனுக்கும் அதேதான். நாலு வயதுப் பிள்ளைக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது? ஒருவரும் இல்லை. நீ தாயிடம் போனைப் பறித்து யார் யாரோடு கதைத்தாள் என்று பார்த்ததை அவள் மூலையில் நின்று பார்த்திருக்கிறாள். உன் பெண்சாதி தனுஷியாவின் இடது காது இனிப் பழையபடி கேட்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் அடுப்படியில் இருந்து கூப்பிடுவேன், திரும்பமாட்டாள், பிறகு பதறிப்போய் வந்து, கேக்கேல்லை மாமி, குறை நினைக்காதேங்கோ என்பாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கும்போது எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருக்கிறது ராகுலன். பொங்கல் லீவுக்கு வந்த நீ, அவள் மொன்டிசூரியில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த நேரம் உன் அழைப்பை எடுக்கவில்லை என்பதற்காகக் கொடுத்த அறை அது. குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று நீ எல்லோருக்கும் சொன்னாய். பக்கத்து வீட்டார் உன் சத்தத்தைக் கேட்டுத் தங்கள் டீவியைக் கூட்டி வைத்தார்கள். ருக்கியா மட்டும்தான் கீழேயிருந்து ஏறி வந்தாள். கதவைத் திறந்த உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, ராத்தா, புள்ளய ஏன்ட ஊட்டுக்கு அனுப்புங்க, நா ஈக்கிறேன் தானே என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், கோட்டில், நீதவானுக்கு முன்னால், எனக்கு எதிரேதான் நின்றாய். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தனுஷியா முதலில் ஊருக்குத்தான் போவதாக இருந்தாள். கோண்டாவிலுக்குப் போன் எடுத்துக் கேட்டதற்கு அவளுடைய தாய், நீ வாழாவெட்டியா வந்து நிண்டா தங்கச்சிக்கு ஆர் மாப்பிள்ளை தருவினம் என்று அழுதாவாம். பெற்றவளே கதவைச் சாத்தினால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? இஞ்ச இரு பிள்ளை என்று நான்தான் சொன்னேன். அவளுக்காக வழக்குப் பேசிய சட்டத்தரணி அம்மா அவளுடைய வதிவிடம் எது என்று கேட்டபோது எங்கள் வீட்டு விலாசத்தையே சொன்னேன். சொல்லும்போது அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நீதவான் சிங்களத்தில் கட்டளையை வாசித்து, மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோதுதான் விளங்கியது. அவள் இருக்கிற வீட்டு வாசலுக்கு நீ ஒரு வருஷம் வரக்கூடாது. அவள் இருப்பது என் வீட்டில். என் பிள்ளை என் வாசலை மிதிக்கக்கூடாது என்பதற்கு நானே விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் வாயைத் திறந்து, இதை மாற்றுங்கள் ஐயா என்று கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் கேட்கமாட்டேன்.

அதன் பிறகு உன்னைக் கல்கிசையில் தன் வீட்டில் வைத்துப் பார்த்த சவுந்தரநாயகம் பெரியப்பா, நீ பிளேன் ஏறிய கையோடு இங்கே வந்தார். கோயில் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தவர் போல நடுக்கதிரையில் உட்கார்ந்து, புருசன் பெண்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும், அதுக்காகக் கோடு கச்சேரி ஏறுறதே, பெத்த பிள்ளையைக் காட்டிக் குடுத்த தாயை நான் இப்பதான் காணுறன் என்றார். தனுஷியா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. அன்றிலிருந்து கோயிலில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் மெல்லத் தள்ளி நிற்கிறார்கள். அவர் பேத்தி பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் கார்ட் வந்தது, எங்களுக்கு வரவில்லை. எனக்கு ஒரு சேலை செலவு மிச்சம் என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் ருக்கியா எங்களைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப் போகிறாள். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம், அடிபட்ட பெண்கள் வந்து கதைக்கிற இடம், வேதக்காரர், முஸ்லிம், எங்கள் ஆட்கள் எல்லோரும் உண்டு. சட்டத்தரணி அம்மாவும் அங்கேதான் கிடைத்தார். முதல் நாள் என்னைத் தனுஷியாவின் தாய் என்று நினைத்து, அம்மாவே கூட வந்திருக்கிறாங்க, குடுத்து வச்ச பிள்ளை என்றார்கள். அந்தப் பொய்யை அப்படியே இருக்கவிட மனம் ஆசைப்பட்டது. நான் தாயில்லை, மாமி, அடிச்சவனைப் பெத்தவள் என்று சொல்லிவிட்டேன். துப்பினாலும் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன். முகத்தில் தையல் போட்ட ஒரு பிள்ளை எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தது. என்ட மாமி கதவைப் பூட்டி வச்சாங்க ஆன்ட்டி, நான் ஓடாம இருக்க, என்றது. இப்போது பழகிவிட்டார்கள், எனக்குச் சீனி போடாத தேத்தண்ணி தனியாக ஊற்றி வைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருத்தியும் தன் கதையைச் சொல்லும்போது அவள் புருஷனுக்கு உன் முகம்தான் வருகிறது. நான் அங்கே ஆறுதலுக்குப் போகவில்லை. எனக்கு எங்கேயும் ஆறுதல் இல்லை. தனுஷியாவுக்குத் தனியே பஸ் ஏறப் பயம், அதற்காகப் போகிறேன்.

கோபம் வந்தால் உன்னை நீயே அறிவதில்லை என்று அப்பாவிடம் சொன்னாயாம். உன் மனேஜர் எல்லோருக்கும் முன்னால் உன்னை ஏசியதை நீயே சொல்லியிருக்கிறாய். அவன் காதை நீ உடைக்கவில்லையே. அப்படியானால் நீ அறிந்துதான் செய்கிறாய் மகன். இதற்கு ஆலோசனை சொல்கிற ஆட்கள் அங்கேயும் இருப்பார்கள், தேடிப் போ. பெரியப்பாவிடம் கேட்காதே.

நான் கோட்டுக்குப் போய்வந்த நாளிலிருந்து அப்பா என்னோடு நேராகக் கதைப்பதில்லை. அப்பம்மாவிட்ட தேத்தண்ணி கேள் என்று ஜனனியைத்தான் அனுப்புவார், நான் பக்கத்திலேயே நிற்பேன். இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று போன கிளினிக்கில் சொன்னார்கள். கிளினிக்கால் வந்த அன்றைக்குத்தான் என்னிடம் வாய் திறந்தார். எனக்குக் கொள்ளி வைக்க இருக்கிறது ஒருத்தன், அவனையும் வாசலுக்கு வெளியில நிப்பாட்டிப் போட்டாய் என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டே நின்றேன். அவர் சொன்னதில் பிழை இல்லை.

வருகிற மாதம் வந்து இறங்கி நேரே வீட்டுக்கு வருவேன், ஆர் தடுக்கினம் எண்டு பாப்பம் என்று நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வராதே. நீ வாசலில் நின்றால் பொலிசுக்குப் போன் எடுப்பது தனுஷியாவாக இருக்காது, நான்தான். அப்பாவைப் பார்க்க ஆசை என்றால் பெரியப்பா வீட்டில் இரு, லிஃப்ட் ஓடினால் அவரை அங்கே அனுப்பிவைக்கிறேன். அவருக்கு ஏதும் நடந்தால் உடனே சொல்லுவேன். பிரேதத்தை வீட்டில் வைக்கமாட்டோம், மலர்ச்சாலையில்தான் வைப்போம், அங்கே வா. கொள்ளி நீதான் வைக்கவேண்டும், அது அவர் உரிமை, அதில் நான் கை வைக்கமாட்டேன். ஆனால் எனக்கு நீ வைக்கவேண்டாம். தனுஷியாவைக் கேட்டிருக்கிறேன். பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லையே மாமி என்று அழுதாள். மாட்டேன் என்று சொல்லவில்லை.

உன்னைப் பெற்ற வயிறு எரிகிறது, என்றாலும் சபிக்கத் தெரியவில்லை. நீ நல்ல சுகத்தோடு நெடுகக் காலம் இருக்கவேண்டும், யாரையும் நோகச் செய்யாத ஒருவனாக இருக்கவேண்டும், பிள்ளையார் துணை. வெயிலில் திரியாதே, வேளைக்குச் சாப்பிடு.

ஒன்று சொல்லவேண்டும். கதவுப் பூட்டை மாற்றிவிட்டோம், உன்னிடம் இருக்கிற திறப்பு இனிச் சேராது. மாற்றச் சொன்னது நான், அதற்கும் அவளை ஏசாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
தி. சிவமணி