நாலா அஞ்சா என்று உனக்குத் தெரியும்

உனக்கு எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நீ படிக்க முடியாத இடத்துக்குப் போன பிறகு எழுதுவது கோழைத்தனம் என்று எனக்கே தெரிகிறது. நீ இருந்தபோது எதிரில் நின்று கேட்க வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் பேனாதான் கொஞ்சம் பேசும்.

இன்று காலை கம்பெனியில் ஒரு புது எண்ணெய் டின்னைத் திறந்தேன். லாரியின் பின் அச்சுக்கு ஊற்றுகிற எண்ணெய். அழுகிய முட்டையும் கருகிய பூண்டும் சேர்ந்தாற்போன்ற அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. பக்கத்தில் வேலை செய்கிற அக்கா, "இன்னாம்மா, இந்த நாத்தத்துக்கா கண்ணு கலங்குது?" என்று சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் தலையாட்டுவது எனக்குப் பழகிப்போனது.

உங்கள் நெல் கொட்டகையில் உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் அந்தக் கார் நிற்கும். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத பழைய சீமைக் கார். அதன் கியர் பெட்டிக்குள் இருக்கும் பித்தளை வளையங்கள் தேய்ந்துபோய், புதியவை கப்பலில் வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. சென்னையிலிருந்து மெக்கானிக் வந்து மாட்டிவிட்டுப் போனார். எண்ணெய் ஊற்றுவது மட்டும் பாக்கி.

"ரெண்டு இன்ஜினீருங்க வூட்லயே கீதுங்க. ஆயிலு ஊத்தறதுக்கு அந்தாளு இன்னொரு வாட்டி வரணுமா?" என்றார் உன் அப்பா, அப்போதுதான் படிப்பை முடித்திருந்த நம் இருவரையும் பார்த்து. உனக்கு அது சாதாரணப் பேச்சு. எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் என் அம்மா உங்கள் கழனியில்தான் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் அவ்வளவு பாடுபட்டேன். கடைகளில் கிடைப்பது ஜி.எல். ஐந்து என்கிற ரகம். பின் அச்சுக்கு அது நல்லது. ஆனால் அதில் கந்தகம் கூடுதல், பித்தளையைத் தின்றுவிடும். நம் பெட்டிக்கு ஜி.எல். நான்குதான் வேண்டும் என்று நான் சொன்னபோது நீ நம்பவில்லை. "போடி, நாலவிட அஞ்சு பெருசுதானே?" என்றாய். நான் வாதாடவில்லை. கழற்றிப் போட்ட பழைய வளையம் ஒன்றை இரண்டாக உடைத்து, இரண்டு பாட்டிலில் இரண்டு எண்ணெயையும் ஊற்றி, துண்டுகளைப் போட்டு எங்கள் வீட்டு அடுப்போரம் வைத்தேன்.

"ஊறுகா பாட்டில்ல இன்னாத்தடி ஊற வெச்சிக்கினு கீற?" என்று அம்மா தினமும் திட்டினாள். பதினைந்தாம் நாள் நீ வந்து எடுத்துப் பார்த்தாய். நான்கில் கிடந்த துண்டு அப்படியே இருந்தது. ஐந்தில் கிடந்தது கறுத்திருந்தது. "அய்யய்யோ, கரிக்கட்டையாட்டம் கீதே" என்றாய். உன் கையில் வைத்துப் பார்த்துத்தான் சொன்னாய். இதை என்னால் மறக்கவே முடியவில்லை. உனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

காஞ்சிபுரத்துக் கடைக்காரர், "நாலெல்லாம் இப்ப யாரும்மா கேக்கறாங்க? அஞ்சுலயே நாலும் அடக்கம், எத்துனு போ" என்றார். சென்னையிலிருந்து வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார். சரி, காத்திருக்கலாம் என்று திரும்பி வந்தோம். அதற்குள் உன்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நீயே சரிசெய்த காரில் அவர்களை ஒவ்வொருவராக ஒரு சுற்று அழைத்துப்போக வேண்டும் என்று உனக்கு ஆசை. சனிக்கிழமை நான் வேலைக்கான நேர்காணலில் இருந்தேன். சாயங்காலம் போன் செய்தாய். "நாலு வந்துச்சிடி. ஊத்திட்டேன்" என்றாய். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

மூன்று மாதத்தில் கியர் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து எண்ணெயை வடித்தார். கொட்டகை முழுக்க அந்த வாடை. விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு, "யாருங்க அஞ்ச ஊத்தினது?" என்று கேட்டார். உன் அப்பா உன்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். நீ மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

"அவதாம்ப்பா இதை வாங்கச் சொன்னா."

உன் அப்பா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "வூட்ல ஒரு வண்டி இருந்தாத்தானே வண்டியப் பத்தித் தெரியும்? புஸ்தகத்தப் படிச்சிட்டா ஆச்சா?" என்று மெக்கானிக்கிடம் சொன்னார், நான் அங்கே இல்லாதது போல. அப்போதாவது நீ பேசுவாய் என்று நின்றேன். நீ உர மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வாரம் நடவில் என் அம்மாவுக்குக் கிடைத்தது வேறு. "உம் பொண்ணு ஊத்தின எண்ணெயில காருக்கே பேதி புடுங்கிச்சாமே?" என்று ஒருத்தி கேட்க, வரப்பு முழுக்கச் சிரிப்பாம். அம்மா வீட்டுக்கு வந்து, "நீயாடி அப்பிடிப் பண்ண?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பாப்பா பொய் சொல்லாதுடி" என்றாள். உன்னைத்தான் பாப்பா என்பாள். என் அம்மாவே என்னை விட்டு உன்னை நம்பினாள்.

உன்னிடம் நான் ஒரே ஒரு முறை, அதுவும் போனில்தான் கேட்டேன். "சொல்றேன்டி. கல்யாணம் முடியட்டும், நானே அப்பாகிட்ட சொல்லிட்றேன்" என்றாய். கல்யாணத்துக்கு முன் மழை வந்தது. மழையோடு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீ இல்லை. உன்னை எடுத்தபோது நான் தெருமுனையில் நின்றிருந்தேன். அழுகை வந்தது. அதோடு சேர்ந்து, 'இனி யார் சொல்வது?' என்ற நினைப்பும் வந்தது. அந்த நினைப்புக்காக என்னை நானே வெறுத்தேன். இப்போது அப்படி வெறுப்பதில்லை.

போன வாரம் உன் அப்பா போன் செய்தார். திரும்பவும் புது வளையங்கள் வந்து மாட்டியாகிவிட்டதாம். உனக்கு வருஷ திதி வருவதற்குள் உன் நினைவாகத் திருப்புலிவனம் கோயில் வரைக்கும் ஒரு தடவை ஓட்ட வேண்டுமாம். "எம் பொண்ணு சரியாத்தாம்மா நெனச்சிருப்பா. நீ கொயப்பி வுட்டுட்ட. போவட்டும், சின்ன வயசு, நான் மனசுல வெச்சிக்கல. அவகூட இருந்தவ நீ. நீயே வந்து ஊத்து" என்றார். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அதற்கு நான், "சரிங்க" என்று சொன்னேன்.

இந்தச் "சரிங்க"வைத்தான் ஒரு வாரமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். சரியான எண்ணெயை வாங்கி வைத்துவிட்டேன். இவ்வளவு நேரம் எழுதாமல் வைத்திருந்ததை இப்போது கேட்டுவிடுகிறேன். "எம் பொண்ணு சரியாத்தான் நெனச்சிருப்பா" என்ற ஒரு வாக்கியம்தான் உன் அப்பாவிடம் மிச்சம் இருக்கிறது. நான் உண்மையைச் சொன்னால் அது உடையும். சொல்லாவிட்டால் அந்தக் கழனியில் என் அம்மா குனிகிற ஒவ்வொரு நாளும் என் பெயர் இப்படியே இருக்கும். நீ சொல்வதாகச் சொன்னதை நான் சொல்லப்போகிறேன். அவர் நம்ப மாட்டார். என்னைத்தான் பொய்க்காரி என்பார். எனக்குப் பாதியில் நிறுத்தத் தோன்றும். அப்போது, இந்த ஒரு தடவை, என் பக்கம் நில்லுடி.