மூடியில் வைத்த சந்தனம்

வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள்.

பெரிய பேத்தி வேலூரில் நர்ஸ். அடுத்தவள் வேங்கிக்காலில் கிளார்க். பேரன் குமார் ஐ.டி.ஐ. முடித்து அணையில் மோட்டார் படகு ஓட்டுகிறான். ஓட்டினான் என்றுதான் இனி எழுத வேண்டும்.

பூஜைக்கு நானும் போயிருந்தேன். படகின் பெட்ரோல் டேங்க் மூடியில் என் கையாலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். உள்ளே காற்று போக மூடியில் சின்ன ஓட்டை உண்டாம். எனக்கு எங்கே தெரியும்? சந்தனம் காய்ந்து அதை அடைத்துவிட்டது. மறுநாள் ஆட்களோடு நடுத்தண்ணீரில் பெட்ரோல் இறங்காமல் என்ஜின் நின்றுவிட்டது. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்றை இழுத்ததாம், என்ஜின் கிளம்பிவிட்டதாம். ஆனால் கரையில் முதலாளி, "மூடியக்கூடப் பாக்காம ஜனங்கள ஏத்துனியா? நாளைலேர்ந்து வராத" என்றாராம்.

இன்று போனில்தான் சொன்னான்.

"ஆயாதான் வச்சுதுன்னு சொல்லக்கூடாதாடா?"

"விடு ஆயா. பாக்க வேண்டியது நான்தான. நீ சாமிக்குத்தான வச்ச."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

படகில் அவன் நிற்கும் படத்தை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். சாயங்காலம் அதைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. குமாரு, புதுசா ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்புடா. படகு வேண்டாம். நீ மட்டும் நின்றால் போதும்.